எக்ஸ்எம்எல்லில் ஆவணம் எழுதுவதும் அழகுபடுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையேடுகளையும் நூல்களையும் எக்ஸ்எம்எல்லில் தயாரிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். கணினிகள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளவும் எக்ஸ்எம்எல் பயன்படுகிறது. அந்தப் பக்கம் நான் போகவில்லை. மனிதர்கள் எழுதி மனிதர்கள் படிக்கும் ஆவணங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் முக்கால்வாசியைப் பின்தொடர முடியும்.

எக்ஸ்எம்எல் என்றால் என்ன?

ஓர் உரையின் எந்தப் பகுதி என்னவாக இருக்கிறது என்று பெயர் சூட்டி வைக்கும் முறை. "இது தலைப்பு, இது எச்சரிக்கை, இது ஒரு பாகத்தின் பெயர்" என்று உரைக்குள்ளேயே எழுதிவிடுகிறோம். அந்தப் பெயர்களை நாமே வைத்துக்கொள்ளலாம். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் இந்தச் சுதந்திரம் கிடையாது. அதன் பெயர்கள் முன்கூட்டியே முடிவானவை.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு எக்ஸ்எம்எல் 1.0-ஐ 1998 பிப்ரவரி 10-ஆம் தேதி பரிந்துரையாக வெளியிட்டது. வானத்திலிருந்து குதித்ததல்ல, 1986-இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த எஸ்ஜிஎம்எல் என்ற பெரிய மொழியின் சுருங்கிய வடிவம் இது. எஸ்ஜிஎம்எல்லின் வேர் ஐபிஎம் நிறுவனத்தில் 1969-இல் தொடங்கிய ஜிஎம்எல்லில் இருக்கிறது. அதாவது, ஆவணம் எழுதுகிறவர்களுக்காகவே பிறந்த குடும்பம். தரவுப் பரிமாற்றக்காரர்கள் பிறகு வந்து சேர்ந்தவர்கள்.

ஒரு சிறு மாதிரி:

```
<கையேடு>
  <தலைப்பு>நீரேற்றி பராமரிப்பு</தலைப்பு>
  <இயல் அடையாளம்="தொடக்கம்">
    <தலைப்பு>திறப்பதற்கு முன்</தலைப்பு>
    <எச்சரிக்கை>
      <பத்தி>மின் இணைப்பைத் துண்டித்த பிறகே மூடியைத் தொடவும்.</பத்தி>
    </எச்சரிக்கை>
    <பத்தி>முதலில் <பாகம் சொல்="வால்வு">வால்வை</பாகம்> மூடவும்.</பத்தி>
  </இயல்>
</கையேடு>
```

கோண அடைப்புக்குள் இருப்பது குறிச்சொல். தொடக்கக் குறிச்சொல், முடிவுக் குறிச்சொல், இடையில் உள்ளவை எல்லாம் சேர்ந்தது ஓர் உறுப்பு. "சொல்", "அடையாளம்" ஆகியவை பண்புகள்.

பெயர்களைத் தமிழில் வைத்தால் செல்லுமா, அல்லது விளக்கத்துக்காக மட்டும் இப்படி எழுதினீர்களா?

செல்லும். மேலே உள்ளதை அப்படியே யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் ஒரு முறை) கோப்பாகச் சேமித்தால் எந்த எக்ஸ்எம்எல் பார்சரும், அதாவது எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரிக்கும் எந்த மென்பொருளும், முகம் சுளிக்காமல் படிக்கும். முதல் வரியில் வழக்கமாக வரும் எக்ஸ்எம்எல் அறிவிப்பு 1.0 பதிப்பில் கட்டாயமில்லை. அது இல்லாமல் வேறு தகவலும் தரப்படாவிட்டால் யுடிஎஃப்-8 அல்லது யுடிஎஃப்-16 என்று பார்சர் கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு பொறி உண்டு. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வழிகளில் சேமிக்கலாம்: க-வுடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று; எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பார்சருக்கோ அவை வேறு வேறு பெயர்கள். "தொகுதி" என்று ஒரு விசைப்பலகையில் திறந்து, இன்னொரு விசைப்பலகையில் மூடினால், "முடிவுக் குறிச்சொல் பொருந்தவில்லை" என்று அது பிடிவாதம் பிடிக்கும். நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். குறிச்சொற்களைக் கையால் தட்டாமல் எடிட்டரின் தானியங்கு நிரப்பலிடம் விட்டுவிடுவது நல்லது. கோப்பை, இத்தகைய எழுத்துகளை ஒரே சீராகச் சேர்த்து வைக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டாலும் இந்தத் தொல்லை தீரும்.

வேர்ட் கோப்பிலேயே எழுதினால் போதாதா? அதுவும் உள்ளே எக்ஸ்எம்எல்தானே?

ஆமாம், டாக்எக்ஸ் கோப்பு ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் பின்னொட்டை மாற்றிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் வரிசையாக இருக்கும். ஆனால் அவற்றைத் திறந்து பாருங்கள்: "இந்த எழுத்துகள் தடித்தவை, இந்த எழுத்துகளுக்கு இந்த எழுத்துரு" என்றே பெரும்பாலும் எழுதியிருக்கும். தடித்த எழுத்து எச்சரிக்கைக்காகவா, கலைச்சொல்லுக்காகவா, எழுதியவருக்கு அன்று தோன்றியதாலா என்பது எங்கும் பதிவாகியிருக்காது. எக்ஸ்எம்எல்லில் இருப்பதாலேயே ஓர் ஆவணம் பொருள் சார்ந்த ஆவணம் ஆகிவிடாது.

வேர்டில் பாணிகளை ஒழுங்காகப் பயன்படுத்தி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எக்ஸ்எம்எல்லுக்கு வந்தால் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். பத்துப் பக்க அறிக்கை, ஒருமுறை அச்சிட்டு மறந்துவிடப் போவது என்றால் வேர்டே போதும். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஒரே உரை அச்சு, இணையம், மின்னூல் என்று பல உருவங்களில் வர வேண்டும், பல ஆண்டுகள் திருத்தப்பட வேண்டும், பலர் கைபட வேண்டும் என்னும்போதுதான் எக்ஸ்எம்எல்லுக்குச் செலவிடும் உழைப்பு திரும்பக் கிடைக்கிறது.

கட்டாயமாக நினைவில் வைக்க வேண்டிய விதிகள் எத்தனை?

இரு கை விரல்களுக்குள் அடங்கும். ஆவணம் முழுவதையும் ஒரே ஓர் உறுப்பு தன்னுள் அடக்க வேண்டும். திறந்த ஒவ்வொன்றும் மூடப்பட வேண்டும். உள்ளே திறந்ததை வெளியே மூடக் கூடாது. பண்பின் மதிப்பு மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். ஒரே உறுப்பில் ஒரே பண்பு இருமுறை வரக் கூடாது. பெயருக்குள் இடைவெளி கூடாது, பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. உரைக்குள் இடக் கோண அடைப்பும் (`<`) உம்மைக் குறியும் (`&`) அப்படியே வரக் கூடாது.

உள்ளடக்கம் இல்லாத உறுப்பை ஒரே குறிச்சொல்லில் முடிக்கலாம்: `<பக்கமாற்றம் எண்="12"/>`. 

இவற்றில் ஒன்று தவறினாலும் பார்சர் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்பது விதி. எச்டிஎம்எல்லைப் படிக்கும் உலாவி எழுதியவரின் பிழைகளைப் பெருந்தன்மையாக விழுங்கிவிடும். இங்கே அந்தத் தாட்சண்யம் இல்லை. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். எழுநூறு பக்கக் கோப்பில் எந்த வரியில் தவறு என்று அது நேரே சுட்டிக்காட்டும் நாளில் எரிச்சல் போய்விடும்.

அந்த இரண்டு குறிகளையும் பிறகு எப்படி எழுதுவது?

எண் வடிவத்தில் எழுதலாம்: இடக் கோண அடைப்புக்கு `&#60;`, உம்மைக் குறிக்கு `&#38;`. பெயர் வடிவங்களும் உண்டு, ஆனால் எக்ஸ்எம்எல்லில் பிறவியிலேயே உள்ள பெயர்கள் ஐந்துதான்: இரு கோண அடைப்புகள், உம்மைக் குறி, இருவகை மேற்கோள் குறிகள். எச்டிஎம்எல்லில் பழகிய மற்ற பெயர்கள் எதுவும் இங்கே தெரியாது. உடையாத இடைவெளி வேண்டுமானால் `&#160;` என்று எழுதுங்கள். நிரல் துண்டுகள் நிறைய வரும் நூலானால், "இதற்குள் குறிச்சொல் தேடாதே" என்று பார்சருக்குச் சொல்லும் சிடேட்டா பகுதிக்குள் அவற்றை வைத்துவிடுங்கள்.

எதை உறுப்பாக வைப்பது, எதைப் பண்பாக வைப்பது?

வாசகர் படிக்கப் போவது உறுப்புக்குள். அதைப் பற்றிய குறிப்பு பண்புக்குள். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு தொண்ணூறு சதவீதத் தகராறுகளைத் தீர்த்துவிடலாம். பண்புக்குள் வேறு குறிச்சொல் வர முடியாது. எனவே படத்தின் விளக்கத்தைப் பண்பில் போட்டுவிட்டு, பிறகு அதில் ஒரு கலைச்சொல்லைக் குறியிட வேண்டும் என்று வந்தால் திண்டாட்டம்தான். சந்தேகம் வந்தால் உறுப்பாக்குங்கள்.

எவ்வளவு நுணுக்கமாகக் குறியிட வேண்டும்?

இந்தக் கேள்விதான் உண்மையில் கடினமானது. குறிச்சொல் போடுவது எளிது. தன் உரையையே புதிதாகப் பார்க்கப் பழகுவதுதான் மாதக்கணக்கில் பிடிக்கும்.

ஒரு நூலில் சாய்வெழுத்தில் மூன்று வகைச் சொற்கள் வருகின்றன என்று வையுங்கள்: நூல்களின் பெயர்கள், பிறமொழிச் சொற்கள், அழுத்தம் கொடுக்க வேண்டிய சொற்கள். புதிதாக வருகிறவர் மூன்றுக்கும் "சாய்வு" என்று ஒரே பெயர் வைப்பார். பக்கம் பார்க்க ஒன்றுதானே! ஒரு நாள் வடிவமைப்பாளர், "தமிழ் எழுத்துகளைச் சாய்த்தால் நன்றாக இல்லை, நூல் பெயர்களை ஒற்றை மேற்கோளில் போடலாம், அழுத்தத்துக்குத் தடித்த எழுத்து, பிறமொழிச் சொல்லை அப்படியே விட்டுவிடலாம்" என்பார். நியாயமான பேச்சு, தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு வடிவமே கிடையாது, மென்பொருள் வலுக்கட்டாயமாகச் சாய்த்துக் காட்டுகிறது. "நூல்பெயர்", "பிறமொழி", "அழுத்தம்" என்று பிரித்துப் பெயர் வைத்தவருக்கு, எந்த உறுப்பு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல்ஷீட் கோப்பில் மூன்று வரி வேலை. "சாய்வு" என்று வைத்தவர் முழு நூலையும் மறுபடி படிக்க வேண்டும்.

அதற்காக எதிர்ப்பக்கம் ஓடிவிடவும் கூடாது. ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் தேதியையும் ஆள் பெயரையும் அளவையும் குறியிட்டுக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி நூலில் கை ஓய்ந்துவிடும். பாதி குறியிட்டதும் பாதி இடாததுமான ஆவணம் எதற்கும் பயன்படாது. ஒரு பெயரைச் சேர்க்கும் முன் கேளுங்கள்: இதை வேறுவிதமாகக் காட்டப் போகிறோமா, தேடித் திரட்டப் போகிறோமா, சொல்லடைவில் சேர்க்கப் போகிறோமா? மூன்றும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வேற்றுமை உருபு குறிச்சொல்லுக்கு உள்ளேயா, வெளியேயா?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு விடை இருக்காது; அவர்களுக்கு இந்தத் தலைவலியே பெரிதாக இல்லை. "கடல்" என்பதைக் குறியிட வேண்டும், உரையில் இருப்பதோ "கடலில்". சொல்லையும் உருபையும் பிரிக்கப் போனால் "லி" என்ற எழுத்தின் நடுவில் குறிச்சொல் விழும்: மெய் உள்ளே, இகரக் குறி வெளியே. பார்சர் ஒன்றும் சொல்லாது. ஆனால் திரையில் இகரக் குறி பற்றிக்கொள்ள எழுத்தின்றி புள்ளிவட்டத்தோடு தொங்கக்கூடும்.

என் வழக்கம்: உருபேற்ற சொல் முழுவதும் உள்ளே, அடிச்சொல் பண்பில். மேலே மாதிரியில் "வால்வை" என்பதை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். சொல்லடைவு தயாரிக்கும்போது பண்பில் உள்ள "வால்வு" எடுத்துக்கொள்ளப்படும். பக்கத்தில் "வால்வை" தெரியும். மாறாமல் நிற்க வேண்டிய நூல் பெயர்களுக்கு மட்டும் உருபை வெளியே, சிறு கோடு போட்டு வைக்கலாம். குறுக்குக் குறிப்பில் தானாக வரும் எண்களுக்கும் அதே உத்தி: "படம் 3-ஐப் பார்க்க" என்பதில் 3 கணினி இடுவது, மற்றது நீங்கள் எழுதுவது. எண் நாளைக்கு 8 ஆனாலும் வாக்கியம் உடையாது.

கோப்பை அழகாக வரிசைப்படுத்தினேன். அச்சில் சொற்களுக்கு நடுவே தேவையற்ற இடைவெளிகள் வந்துவிட்டன. ஏன்?

எக்ஸ்எம்எல்லில் வெற்றிடமும் உரைதான். `<இயல்>`, `<தலைப்பு>` போன்ற பெட்டிகளுக்கு இடையில் வரி முறித்தால் கேடில்லை. பத்திக்குள், உரையும் உறுப்பும் கலந்து வரும் இடத்தில், எடிட்டர் தன் விருப்பத்துக்கு வரி முறித்தால் அங்கே ஓர் இடைவெளி பிறந்துவிடும். மூடும் குறிச்சொல்லுக்கும் அதை ஒட்டி நிற்கும் "-ஐ"க்கும் நடுவில் அது விழுந்தால் அச்சில் உருபு அநாதையாக நிற்கும்.

நான் ஒருமுறை முழு நூலையும் இந்த "அழகுபடுத்து" பொத்தானில் அழுத்திவிட்டு, மூன்றாம் மெய்ப்பில்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து உள்தள்ளலைப் பெட்டி உறுப்புகளோடு நிறுத்திக்கொள்கிறேன். பத்தியைத் தொடுவதில்லை. நல்ல எக்ஸ்எம்எல் எடிட்டர்களில் எந்தெந்த உறுப்புகளைத் தொடக் கூடாது என்று சொல்லி வைக்கலாம்.

சரியாக அமைந்த ஆவணம், செல்லுபடியான ஆவணம்: வேறுபாடு என்ன?

முன்பு சொன்ன விதிகளைப் பின்பற்றியிருந்தால் அது சரியாக அமைந்தது. அதற்கு மேல், "இயலுக்குள் முதலில் தலைப்பு வர வேண்டும், எச்சரிக்கைக்குள் எச்சரிக்கை வரக் கூடாது" என்று நாம் வகுத்த ஒழுங்கையும் பின்பற்றினால் செல்லுபடியானது. அந்த ஒழுங்கை எழுதி வைக்கும் இடம் ஸ்கீமா.

ஸ்கீமா மொழிகள் பல. டிடிடி மிகப் பழையது, எக்ஸ்எம்எல்லோடேயே வருகிறது. எக்ஸ்எம்எல் ஸ்கீமா 2001-இல் டபிள்யூ3சி வெளியிட்டது. தரவுக்காரர்களின் பிள்ளை, ஆவணத்துக்குச் சற்றுக் கனம். ஜேம்ஸ் கிளார்க், முரட்டா மகோட்டோ இருவரும் வடிவமைத்த ரிலாக்ஸ் என்ஜி எனக்குப் பிடித்தது. அதன் சுருக்க வடிவத்தைக் கிட்டத்தட்ட வாக்கியம் போலவே படிக்கலாம். "கோப்பு என்ற பண்பு உள்ள ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் இருந்தே ஆக வேண்டும்" என்பது போன்ற நிபந்தனைகளுக்கு ஸ்கீமட்ரானைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சொந்தமாகக் குறிச்சொற்களை உருவாக்கலாமா, இருக்கிறதை எடுத்துக்கொள்ளலாமா?

கற்க: சொந்தமாக. வேலைக்கு: இருக்கிறதை. முதல் மாதம் நீங்களே இருபது பெயர்கள் வைத்து ஒரு சிறு கையேடு எழுதிப் பாருங்கள். வேறு எதுவும் அந்த அளவுக்குக் கற்றுத்தராது. ஆனால் அலுவலகத்தில் அதையே தொடர்ந்தால், அடிக்குறிப்பு, அட்டவணை, சொல்லடைவு, பல பதிப்புகள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பீர்கள். எல்லாவற்றையும் ஏற்கெனவே யாரோ கண்டுபிடித்து, சண்டை போட்டு, முடித்து வைத்திருக்கிறார்கள்.

தொழில்நுட்ப நூல்களுக்கு டாக்புக், 1991-இல் தொடங்கியது. துண்டு துண்டாக எழுதிப் பல கையேடுகளில் மறுபயன்படுத்த டிட்டா. ஐபிஎம்மில் பிறந்து 2005-இல் ஒயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமானது. சுவடி, இலக்கியம், அகராதி என்றால் டிஇஐ. அந்த முயற்சி 1987-இலேயே தொடங்கிவிட்டது. ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு ஜாட்ஸ். இவற்றின் உறுப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். அன்றாடம் கை போவது முப்பது நாற்பதுக்குள்தான்.

பெயர்வெளி என்றால் என்ன? அதற்கு எழுதும் இணைய முகவரியை உலாவியில் திறந்தால் ஒன்றும் வருவதில்லையே.

வர வேண்டியதுமில்லை. இரண்டு குறிச்சொல் தொகுப்புகளிலும் "தலைப்பு" என்ற பெயர் இருந்தால் எது யாருடையது என்று பிரித்தறிய ஒரு குடும்பப் பெயர் தேவை. இணைய முகவரி போன்ற ஒன்றை அதற்குப் பயன்படுத்துகிறார்கள், உலகில் வேறு யாரும் அதே பெயரை வைத்துவிட மாட்டார்கள் என்பதற்காக. பார்சர் அந்த முகவரிக்குப் போய்ப் பார்ப்பதில்லை.

இது ஸ்டைல்ஷீட் எழுதும்போதுதான் கடிக்கும். டாக்புக் 5-இல் எல்லா உறுப்புகளும் ஒரு பெயர்வெளிக்குள் இருக்கின்றன. பெயர்வெளியைச் சொல்லாமல் வெறும் பெயரைத் தேடினால் ஒன்றுமே சிக்காது, பிழைச்செய்தியும் வராது. "என் ஸ்டைல்ஷீட் வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அழகுபடுத்த சிஎஸ்எஸ் போதுமா?

ஓரளவுக்கு. சிஎஸ்எஸ் என்பது இணையப் பக்கங்களின் தோற்றத்தைச் சொல்லும் மொழி. எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு வரி சேர்த்து சிஎஸ்எஸ் கோப்பை இணைத்தால் உலாவி அதன்படி காட்டும். தமிழ் உறுப்புப் பெயர்களையும் சிஎஸ்எஸ் ஏற்றுக்கொள்கிறது. முதல் முறை திறக்கும்போது முழு ஆவணமும் ஒரே பத்தியாக ஒட்டிக்கிடக்கும், திகைக்காதீர்கள். "பத்தி" என்று நீங்கள் பெயர் வைத்தது உலாவிக்குத் தெரியாது. எது தனி வரியில் நிற்க வேண்டும், எது வரிக்குள் ஓட வேண்டும் என்பதை டிஸ்ப்ளே என்ற சிஎஸ்எஸ் பண்பின் வழியாக நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன மறுகணம் பக்கத்துக்கு உயிர் வரும். கற்பிக்கும்போது இந்தக் கட்டத்தை நான் தவறவிடுவதே இல்லை.

எச்சரிக்கைப் பெட்டிக்கு மேலே "எச்சரிக்கை!" என்ற சொல்லையும் இயல் எண்களையும் சிஎஸ்எஸ்ஸே எழுதிவிடும்; அவற்றை உரையில் தட்டாதீர்கள். ஆனால் உள்ளடக்கப் பட்டியல் திரட்டவோ, சொல்லடைவை அகரவரிசைப்படுத்தவோ உலாவியில் உள்ள சிஎஸ்எஸ்ஸால் இயலாது. `<படம்>` என்ற உறுப்பின் பண்பில் உள்ள கோப்பைத் திறந்து காட்டவும் அது உதவாது. அங்கேதான், எக்ஸ்எம்எல் ஆவணத்தை எச்டிஎம்எல் போன்ற வேறோர் உருவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி வருகிறது.

எக்ஸ்எஸ்எல்டி எனக்குப் பிடிபடவே இல்லை. எப்படி யோசிப்பது?

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. முன்பே நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் வேகமாக விழுகிறார்கள்.

முதலில் எக்ஸ்பாத் பழகுங்கள். ஆவணத்தை ஒரு மரமாகப் பார்த்து, அதில் ஓர் இடத்துக்கு வழி சொல்லும் மொழி அது. எக்ஸ்எஸ்எல்டி 1.0-உம் எக்ஸ்பாத் 1.0-உம் ஒரே நாளில், 1999 நவம்பர் 16 அன்று வெளியாயின.

```
/கையேடு/இயல்[2]/தலைப்பு
//எச்சரிக்கை
//பத்தி[பாகம்]
//படம்[@கோப்பு]
../தலைப்பு
```

வரிசையாக: இரண்டாம் இயலின் தலைப்பு, எங்கிருந்தாலும் எல்லா எச்சரிக்கைகளும், பாகம் ஒன்றாவது உள்ள பத்திகள், கோப்பு என்ற பண்பு உள்ள படங்கள், இப்போது நிற்கும் உறுப்பின் தாய்க்குள் உள்ள தலைப்பு.

அடுத்து ஒரு சோதனை. விதி ஒன்றுகூட இல்லாத காலி எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட்டை உங்கள் ஆவணத்தின் மேல் ஓட்டுங்கள். ஒன்றும் வராது என்று நினைப்பீர்கள். உரை முழுவதும் குறிச்சொற்கள் இல்லாமல் வந்து கொட்டும். காரணம், மொழிக்குள்ளேயே புதைந்திருக்கும் விதிகள்: உறுப்பைக் கண்டால் அதன் பிள்ளைகளிடம் போ, உரையைக் கண்டால் எழுதிவிடு. உங்கள் வேலை, இந்த ஓட்டத்தில் ஆங்காங்கே குறுக்கிட்டு, "பத்தியைக் கண்டால் எச்டிஎம்எல் பத்தியைத் திற, உள்ளே இருப்பவற்றை அவரவர் விதிப்படி நடத்து, மூடு" என்று சொல்வது. இந்த "உள்ளே இருப்பவற்றை நடத்து" என்பதுதான் அப்ளை-டெம்ப்ளேட்ஸ் என்ற கட்டளை.

நிரலாளர்கள் இதற்குப் பதிலாக ஃபார்-ஈச் என்ற சுழற்சிக் கட்டளையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இயல்களை ஒவ்வொன்றாகச் சுற்று, ஒவ்வொன்றிலும் பத்திகளைச் சுற்று, பத்தியின் மதிப்பை வேல்யூ-ஆஃப் கொண்டு எழுது. மாதிரிக் கோப்பில் நன்றாக ஓடும். உண்மையான கோப்பில் பத்திக்குள் பாகம், பாகத்துக்குள் அழுத்தம், அதற்கு அடிக்குறிப்பு என்று வரும்; வேல்யூ-ஆஃப் அவை அனைத்தையும் உதறிவிட்டு வெறும் எழுத்துகளை மட்டும் கொடுக்கும். எந்தச் சொல்லுக்குப் பின் எந்த உறுப்பு வரும் என்று முன்கூட்டித் தெரியாத உரையில், ஆவணம்தான் முன்னே நடக்க வேண்டும். விதிகள் பின்னால் போகும். ஃபார்-ஈச் கட்டளையை முதல் மாதம் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தலைப்பு உள்ளடக்கப் பட்டியலில் ஒருவிதமாகவும் பக்கத்தில் வேறுவிதமாகவும் வர வேண்டுமா? மோட் என்ற வசதி இருக்கிறது: ஒரே உறுப்புக்கு இரண்டு விதிகள், எந்த நடையில் அழைக்கிறோமோ அது வேலை செய்யும். மாறிக்கு ஒருமுறை கொடுத்த மதிப்பை மாற்ற முடியாது என்பது மற்றோர் அதிர்ச்சி. இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

உலாவிக்குள்ளேயே எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டலாமா?

வேண்டாம். உலாவிகள் எக்ஸ்எஸ்எல்டி 1.0-ஐத் தாண்டவே இல்லை. மொழியோ 2007-இல் 2.0, 2017-இல் 3.0 என்று வளர்ந்துவிட்டது. குரோம் உலாவியைத் தயாரிப்பவர்கள் இந்த வசதியை நீக்கப்போவதாக 2025-இல் அறிவித்தும்விட்டார்கள். உங்கள் கணினியில் சாக்சன் போன்ற கருவியால் மாற்றி, விளைந்த எச்டிஎம்எல்லை வெளியிடுங்கள். சாக்சனின் இலவசப் பதிப்பே 3.0-ஐ ஓட்டும். எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்பதும் வேகமானது, ஆனால் 1.0 மட்டும்.

பிடிஎஃப் எடுப்பது எப்படி?

இரண்டு வழிகள். பழைய வழி: எக்ஸ்எஸ்எல்டியால் எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ என்ற பக்க விவரிப்பு மொழிக்கு மாற்றி, அப்பாச்சி எஃப்ஓபி போன்ற மென்பொருளிடம் கொடுப்பது. அந்த மொழியின் முதல் பதிப்பு 2001-இல் வந்தது, 2006-இன் 1.1-க்குப் பிறகு புதிய பரிந்துரை இல்லை. புதிய வழி: பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் எழுதி, பிரின்ஸ் போன்ற கருவியிடம் விடுவது. இன்று தொடங்குகிறவருக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். கற்ற சிஎஸ்எஸ் அப்படியே உதவும்.

எந்தக் கருவியானாலும், முழு நூலையும் ஓட்டும் முன் "கொ, கௌ, கை, ஸ்ரீ, க்ஷ" அடங்கிய ஒரு வரியை ஓட்டிப் பாருங்கள். யூனிகோடில் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, முன்னால் காட்டப்பட வேண்டும். தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத கருவி கொம்பைப் பின்னாலேயே போட்டுவிடும். வந்த பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டியும் பாருங்கள். தேடல் வேலை செய்யுமா என்பது அப்போது தெரியும்.

எந்த எடிட்டர்?

குறிச்சொல்லைத் தானே மூடி, ஸ்கீமாவைப் பார்த்து, "இங்கே இவைதாம் வரலாம்" என்று காட்டுவது எதுவானாலும் சரி. ஆக்சிஜன் முழுமையானது, காசு கொடுக்க வேண்டும். விஷுவல் ஸ்டுடியோ கோடில் எக்ஸ்எம்எல் நீட்சியைச் சேர்த்தால் கற்பதற்குப் போதும். ஈமேக்ஸ் பழக்கமுள்ளவர்களுக்கு அதிலேயே ரிலாக்ஸ் என்ஜி புரிந்த நிலை ஒன்று இருக்கிறது. வெறும் நோட்பேட் மட்டும் வேண்டாம்.

மார்க்டவுன், ஜேசன் எல்லாம் வந்த பிறகும் இது தேவையா?

ஜேசன் நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் வடிவம். அதில் ஒரு பத்தியை, அதன் நடுவில் பாகத்தின் பெயரும் அடிக்குறிப்பும் வருமாறு எழுதிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் எக்ஸ்எம்எல் தேடி வருவீர்கள். வெற்று உரையில் சில எளிய குறிகளை இட்டு எழுதும் மார்க்டவுன் வேறு கதை. எழுத இனிமையானது, சிறு ஆவணங்களுக்கு நானும் அதைத்தான் எடுக்கிறேன். எச்சரிக்கைக்கும் குறிப்புக்கும், பாகத்துக்கும் நூல்பெயருக்கும் வேறுபாடு வேண்டும் என்று வரும்போது அதன் சொற்களஞ்சியம் தீர்ந்துவிடுகிறது.

எக்ஸ்எம்எல்லிலும் ஒரு குறை உண்டு. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்க வேண்டும் என்பதால், ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதைக் காட்ட இயலாது. ஒரு செய்யுள் பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடிந்தால் செய்யுளையும் உறுப்பாக, பக்கத்தையும் உறுப்பாக வைக்க முடியாது. முன்பு காட்டிய `<பக்கமாற்றம்/>` போன்ற காலி உறுப்பைப் பக்கம் புரளும் இடத்தில் நட்டுச் சமாளிக்கிறார்கள்.

முதல் வாரம் என்ன செய்வது?

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, ஏற்கெனவே அச்சான ஏதாவது நான்கு பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியைத் திறக்காமல், பென்சிலால் ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் அது என்ன என்று எழுதுங்கள். "பெரிய எழுத்து", "தடித்தது" என்று ஓர் இடத்திலும் எழுதக் கூடாது. பிறகு அதே தாளின் நகலை வேறொருவரிடம் கொடுத்து அவரையும் எழுதச் சொல்லுங்கள். இருவர் எழுதியதும் எங்கெங்கே மாறுபடுகிறது என்று உட்கார்ந்து பேசி முடித்த பட்டியலே உங்கள் முதல் ஸ்கீமா. தட்டச்சு செய்யத் தொடங்குவது அதற்கு அடுத்த நாள்.